சாவிக்குள் ஓர் எண்

வீட்டுச் சாவி தொலைந்து போகிறது. என்ன செய்வோம்? பூட்டு ரிப்பேர் செய்பவரைக் கூப்பிடுவோம். அவர் அரத்தோடு வருவார். வெட்டாத சாவி ஒன்றைப் பூட்டுக்குள் விட்டுப் பார்ப்பார். அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார். மறுபடியும் விட்டுப் பார்ப்பார். அரை மணி நேரத்தில் பூட்டு திறந்துவிடும்.

கார் சாவி தொலைந்தால்?

முன்பு அதற்கும் இதே வழிதான். அம்பாசிடராக இருந்தாலும் சரி, பழைய மாருதி 800 ஆக இருந்தாலும் சரி, சாவியின் பல் பொருந்தினால் போதும். வண்டி கிளம்பிவிடும். சாவியே இல்லாமல் வயரை இழுத்துச் சேர்த்துக் கிளப்புகிறவர்களும் இருந்தார்கள். அவசரத்துக்கு மெக்கானிக் செய்த அந்த வேலையைத் திருடனும் செய்தான்.

இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் அது நடக்காது. புதிதாக வெட்டிய சாவி பூட்டுக்குள் அழகாகப் போகும். கதவு திறக்கும். செல்ஃப் சுற்றும். ஆனால் என்ஜின் பிடிக்காது. அல்லது ஓரிரு விநாடி ஓடி அணைந்துவிடும். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு ஒன்று விட்டு விட்டு எரியும்.

அந்த விளக்குக்குப் பொருள் என்ன? "உன்னை எனக்குத் தெரியாது" என்று வண்டி சாவியிடம் சொல்கிறது. அவ்வளவுதான். வண்டியில் ரிப்பேர் எதுவும் இல்லை. இதைத் தெரியாமல் பணத்தை இழப்பவர்கள் பலர்.

காஷ்மீரி கேட்டில்

டெல்லியில் வாடகைக் கார் ஓட்டும் ஓர் இளைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் பீகாரில் தர்பங்கா பக்கம். கார் தவணையில் வாங்கியது. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். ஒரு நாள் ஓடாவிட்டாலும் கணக்கு உதைக்கும்.

ஒரு நாள் காலையில் பயணியை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறார். திரும்பி வந்தால் பையில் சாவி இல்லை. வந்த வழியெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. இன்னொரு சாவி ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அது வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும்.

தெருவோரத்தில் சாவி வெட்டுபவர் வந்தார். கதவுப் பூட்டை வைத்துச் சாவி வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது. வண்டி கிளம்பவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் போய்விட்டது. மாற்ற வேண்டும். பெரிய செலவு" என்றார். இளைஞருக்குக் கை கால் ஓடவில்லை.

டெல்லியில் காஷ்மீரி கேட் என்பது வண்டிச் சாமான்கள் விற்கும் பெரிய சந்தை. நண்பர் ஒருவர் அவரை அங்கே வயரிங் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். தொழில் தெரிந்த மூத்தவரை அங்கே உஸ்தாத் என்று கூப்பிடுவார்கள்.

"உஸ்தாத், கதவு திறக்குது. வண்டி மட்டும் ஏன் கிளம்பலை?"

"பாயி, நீ வெட்டி வாங்கினது வெறும் இரும்பு. உன் பழைய சாவியோட தலையில இன்னொரு சாமான் இருந்துச்சு. அது இதுல இல்லை."

"கம்ப்யூட்டர் போச்சுன்னு சொன்னாங்களே?"

"டாஷ்போர்டுல சாவி விளக்கு மின்னுச்சா?"

"மின்னுச்சு."

"அப்ப கம்ப்யூட்டர் நல்லா வேலை செய்யுது. அதனாலதான் உன்னை விடலை."

பெரியவர் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

சாவியின் தலையில் என்ன இருக்கிறது?

இந்த வகைக் கார் சாவியின் தலை பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்குள் ஒரு சிறு சிப் இருக்கும். சில சாவிகளில் அது நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டு. சிலவற்றில் சின்னக் கண்ணாடிக் குழல். இதற்கு பேட்டரி கிடையாது. கதவைத் தூரத்திலிருந்து பூட்டும் பொத்தானுக்குத்தான் பேட்டரி. அந்த பேட்டரி தீர்ந்துபோனாலும் சிப் வேலை செய்யும்.

பேட்டரி இல்லாமல் எப்படி வேலை செய்கிறது? சாவியைச் செருகும் துவாரத்தைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருளில் மின்சாரம் பாயும். அதைச் சுற்றி ஒரு காந்தப் புலம் உண்டாகும். விநாடிக்கு ஏறத்தாழ 1,25,000 முறை அது மாறி மாறி அடிக்கும். சிப்புக்குள்ளும் தலைமுடியைப் போல மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. காந்தப் புலம் அதன்மேல் பட்டதும் அதிலும் சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது. அந்த மின்சாரத்தில் சிப் விழித்துக்கொள்கிறது. விழித்ததும் தன் எண்ணைச் சொல்கிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

எண்ணைக் கேட்டுக்கொள்வது யார்? அந்தப் பெட்டிக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். நகரவிடாமல் தடுப்பது என்று பொருள். சில கார்களில் அது தனிப் பெட்டியாக இருக்கும். சிலவற்றில் என்ஜினை நடத்தும் கணினிக்குள்ளேயே இருக்கும். அந்தக் கணினியை மெக்கானிக்குகள் இசிஎம் என்பார்கள். எண் சரியாக இருந்தால் இசிஎம் பெட்ரோலையும் தீப்பொறியையும் விடும். தவறாக இருந்தால் விடாது. டீசல் வண்டியில் டீசல் போவதை நிறுத்திவிடும். செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். சாவியின் பிளாஸ்டிக் தலை உடைந்துபோகும். கடையில் புது உறை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இரும்பையும் பொத்தான் அட்டையையும் மாற்றிவிட்டு, பழைய உறையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். சிப் அந்தப் பழைய உறையிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். பிறகு வண்டி கிளம்பாது. உறை மாற்றினால், புதுச் சாவியில் வண்டி ஓடுவதைப் பார்த்த பிறகே பழையதை எறிய வேண்டும்.

இது எப்போது வந்தது?

1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கார் திருட்டு பெருகியது. ஜெர்மனியில் காப்பீட்டு நிறுவனங்கள் திருட்டுக்கு இழப்பீடு கொடுத்துக் களைத்துப் போயின. எண் சொல்லும் சாவி அப்போதுதான் பரவியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. கனடாவில் 2007-ல் கட்டாயமானது. இந்தியாவில் 2000-க்குப் பிறகு பரவலாக வந்தது. மாருதி கார்களில் இதை ஐகேட்ஸ் என்ற பெயரில் பொருத்தினார்கள்.

இது உண்மையிலேயே திருட்டைத் தடுக்கிறதா? அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் தெரியும். அங்கே இம்மொபிலைசர் கட்டாயம் இல்லை. அதனால் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2011 முதல் 2021 வரை அங்கே விற்ற பல மாடல்களில் அதை வைக்கவில்லை. 2021-ல் மில்வாக்கி என்ற நகரத்தில் சிறுவர்கள் இந்தக் கார்களைத் திருடத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அந்த வித்தை வீடியோவாக நாடெங்கும் பரவியது. கூட்டம் கூட்டமாகக் கார்கள் காணாமல் போயின. விபத்துகளில் உயிர்களும் போயின. கடைசியில் 2023 பிப்ரவரியில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவசமாக மென்பொருளை மாற்றித் தருவதாக நிறுவனங்கள் அறிவித்தன. அதே நிறுவனங்கள் பக்கத்து நாடான கனடாவில் விற்ற கார்களில் இம்மொபிலைசர் இருந்தது. அங்கே இந்த வித்தை பலிக்கவில்லை. சட்டம் கேட்டால் வைக்கிறார்கள், கேட்காவிட்டால் மிச்சம் பிடிக்கிறார்கள்!

காவல்காரரும் கணக்கும்

முதலில் வந்த சிப்புகள் எப்போதும் ஒரே எண்ணைச் சொல்லின. அதில் ஒரு குறை இருந்தது. ஒரு தோட்டத்துக்குக் காவல்காரர் இருக்கிறார். "மாமரம்" என்று சொன்னால் உள்ளே விடுவார். வேலிக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் ஒரு முறை கேட்டுவிட்டால் போதும். நாளைக்கு அவனும் "மாமரம்" என்பான். அதுபோலவே ஒரே எண்ணைச் சொல்லும் சிப்பையும் கருவி வைத்து நகல் எடுத்துவிடலாம்.

ஆகவே வழியை மாற்றினார்கள். காவல்காரர் இப்போது வார்த்தை கேட்பதில்லை. கணக்குக் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் வேறு ஓர் எண்ணைச் சொல்கிறார். வருபவர் அதை 3-ஆல் பெருக்கி 4 கூட்டிச் சொல்ல வேண்டும். இந்த இரகசியம் இருவருக்கு மட்டும் தெரியும். காவல்காரர் 5 என்றால் விடை 19. அவர் 8 என்றால் விடை 28. அவர் 10 என்றால்? நீங்களே போட்டுப் பாருங்கள்.

வேலிக்குப் பின்னால் இருப்பவன் "19" என்று கேட்டு வைத்துக்கொண்டால் என்ன பயன்? நாளைக்குக் காவல்காரர் வேறு எண்ணைச் சொல்வார். 19 செல்லாது. இரகசியம் எது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. விடையை மட்டும்தான் சொல்கிறார்கள்.

நம் கணக்கு எளிது. இரண்டு விடையைக் கேட்டால் கெட்டிக்காரன் கண்டுபிடித்துவிடுவான். சிப் போடும் கணக்கு மிகக் கடினமானது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த ஒரு சிப்பில் இரகசிய எண் ஏறத்தாழ 1,09,951 கோடி எண்களில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க யாரால் முடியும்?

கணினியால் முடிந்தது. 2005-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆர்எஸ்ஏ என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்த இரகசிய எண்ணைக் கண்டுபிடித்தார்கள். நகல் செய்த எண்ணை வைத்து ஒரு ஃபோர்டு காரைக் கிளப்பியும் காட்டினார்கள். 2012-ல் வேறொரு சிப்பையும் 6 நிமிடத்துக்குள் உடைக்கலாம் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூன்றாவது ஒரு சிப்பைப் பற்றிய கட்டுரையை வெளியிடக் கூடாது என்று ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2013-ல் லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. அந்தக் கட்டுரை 2015-ல்தான் வெளிவந்தது. குறையைச் சொன்னவரின் வாயை இரண்டு ஆண்டு மூடி வைத்தார்கள். அதற்குள் குறை சரியாகிவிடவில்லை. பின்னால் வந்த சிப்புகளில் இன்னும் நீளமான இரகசிய எண்களை வைக்கிறார்கள்.

குடும்ப அட்டையும் பின் நம்பரும்

இனி நம் ஓட்டுநரின் பிரச்சினைக்கு வரலாம். அவருக்குப் புது சிப் வைத்த சாவி வேண்டும். கடையில் சிப் கிடைக்கும். சாவியும் வெட்டலாம். ஆனால் அந்தச் சிப்பை அவருடைய கார் ஏற்றுக்கொள்ள வேண்டுமே!

இம்மொபிலைசரில் ஒரு பட்டியல் இருக்கிறது. ரேஷன் கார்டில் குடும்பத்தார் பெயர் இருப்பதுபோல, அதில் சாவிகளின் எண்கள் இருக்கும். பட்டியலில் உள்ள சாவிக்குத்தான் வண்டி கிளம்பும். கார் வாங்கும்போது பொதுவாக இரண்டு சாவி கொடுப்பார்கள். பட்டியலில் இரண்டு எண் இருக்கும். பல கார்களில் 8 சாவி வரை சேர்க்க இடம் உண்டு.

ரேஷன் கார்டில் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதிவிட முடியுமா? முடியாது. அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். இங்கே அந்த ஒப்புதல்தான் பாதுகாப்புக் குறியீடு. மெக்கானிக்குகள் அதைப் பின் நம்பர் என்கிறார்கள். வங்கி ஏடிஎம் பின் நம்பரைப் போலத்தான். சாவிக்குள் இருக்கும் எண் வேறு, இந்தப் பின் நம்பர் வேறு. சாவியின் எண் வண்டியைக் கிளப்பும். பின் நம்பர் வண்டியைக் கிளப்பாது. பட்டியலைத் திருத்தும். ஆனால் பட்டியலைத் திருத்த முடிந்தவர் எத்தனை சாவி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் அல்லவா? அதனால் இரண்டில் பெரியது பின் நம்பர்தான்.

சில நிறுவனங்களின் கார்களில் இது 4 இலக்கம். சிலவற்றில் 5. ஹூண்டாய் கார்களில் 6. நான்கு இலக்கம் என்றால் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் கிடைத்துவிடாதா? அதற்கும் ஒரு தடை வைத்திருக்கிறார்கள். கிரைஸ்லர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கார்களில் 3 முறை தவறாகப் போட்டால் 1 மணி நேரம் எதையும் ஏற்காது. மணிக்கு 3 எண் என்றால் பத்தாயிரம் எண்ணுக்கு 3,334 மணி. அதாவது 139 நாள்! ஆகவே "குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடக் கூடாது. வண்டி பூட்டிக்கொண்டால் நேரமும் போகும், செலவும் கூடும்.

சாவியைச் சேர்க்கும் முறை

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. அதற்கு ஓபிடி சாக்கெட் என்று பெயர். உஸ்தாத் அதில் ஸ்கேனர் கருவியைச் செருகுவார். கருவி காரின் கணினியோடு பேசும். பின் நம்பரைக் கேட்கும். சரியான எண்ணைக் கொடுத்தால் இம்மொபிலைசர் தன் பட்டியலைத் திறக்கும். முதல் சாவியைச் செருகித் திருப்ப வேண்டும். அது பதிவாகும். பிறகு இரண்டாவது சாவி. அதுவும் பதிவாகும். வேலை பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். ஃபோர்டு கார்கள் பலவற்றில் மட்டும் கருவியைச் செருகியதும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். திருடனுக்கு அத்தனை நேரம் கிடைக்காது என்பதால் அப்படி வைத்தார்கள்.

"சரி உஸ்தாத், உடனே போட்டுக் கொடுங்க."

"பின் நம்பர் எங்கே, பாயி?"

"அது எப்படி இருக்கும்?"

"வண்டி வாங்கும்போது சாவியோட ஒரு தகடோ, சின்ன அட்டையோ கொடுத்திருப்பாங்களே?"

"அதெல்லாம் பார்த்த ஞாபகமே இல்லையே!"

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். புதுக் காரின் சாவி வளையத்தில் ஒரு சின்னத் தகடு தொங்கும். அதில் ஓர் எண் பொறித்திருக்கும். அது சாவியின் பல்லை வெட்டுவதற்கான எண். சில நிறுவனங்கள் பின் நம்பர் அச்சிட்ட அட்டையும் கொடுக்கும். ஃபியட் கார்களோடு இப்படி ஒரு அட்டை வரும். சாவியைக் கார் அடையாளம் காணாமல் போனால், அட்டையில் உள்ள 5 இலக்க எண்ணை ஆக்சிலரேட்டர் மிதியை மிதித்து விட்டே காருக்குச் சொல்லிக் கிளப்பலாம் என்று அவர்களுடைய கையேட்டிலேயே எழுதியிருந்தது. சாவி கைக்கு வந்ததும் தகட்டைக் கழற்றி எறிகிறோம். அட்டையைக் காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் போடுகிறோம். அது பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிடுவது போல! அட்டையும் தகடும் வீட்டில், ஆர்சி நகலோடு இருக்க வேண்டும்.

அட்டை கொடுக்காத நிறுவனங்களும் உண்டு. அட்டை இருந்து தொலைத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன வழி? ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாள எண் உண்டு. சேஸிஸ் நம்பர் என்பது இதுதான். ஆர்சியில் எழுதியிருக்கும். வண்டியிலும் பொறித்திருக்கும். எந்தச் சேஸிஸ் நம்பருக்கு எந்தப் பின் நம்பர் என்ற கணக்கு கார் நிறுவனத்திடம் இருக்கிறது. நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கு ஆர்சியோடும், உரிமையாளரின் அடையாளச் சான்றோடும் போக வேண்டும். அவர்கள் சரிபார்த்து எண்ணை வாங்கிச் சாவியைப் பதிவு செய்து கொடுப்பார்கள்.

வெளியில் சாவி செய்பவர்களும் பின் நம்பரை எடுத்துக் கொடுப்பதுண்டு. சில கார்களில் கருவியே அதைப் படித்துவிடும். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் ஆர்சியைத்தான் கேட்பார்கள். ஆர்சியைக் கேட்காமலே சாவி செய்து தருகிறேன் என்பவரைக் கண்டால் யோசிக்க வேண்டும். நம் காருக்கும் அவர் வேறொருவருக்கு அப்படியே செய்து கொடுப்பார் அல்லவா? காஷ்மீரி கேட் உஸ்தாதும் ஆர்சியை வாங்கிப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொட்டார்.

ஊரில் இருக்கும் சாவி

நம் ஓட்டுநர் சர்வீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்துப் பின் நம்பரோடு வந்தார். உஸ்தாத் உடனே கருவியைச் செருகவில்லை. "தொலைஞ்ச சாவியை என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"அதான் தொலைஞ்சு போச்சே!"

"உன் கையைவிட்டுத்தான் போச்சு. வண்டியோட பட்டியல்ல இன்னும் இருக்கு. யாராவது எடுத்து வச்சிருந்தா, இன்னைக்கும் இந்த வண்டியை ஓட்டிட்டுப் போகலாம்."

ரயில் நிலையத்தில் விழுந்த சாவி. அதே இடத்துக்குத்தான் அவர் தினமும் சவாரி போகிறார். வண்டியையும் சாவியையும் பொருத்திப் பார்க்க ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எனவே பழைய பட்டியலை அழிக்க வேண்டும். பல கார்களில் புதுச் சாவி பதிவு செய்யத் தொடங்கினாலே பழைய பட்டியல் முழுதும் அழிந்துவிடும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் சாவிகள் மட்டுமே மறுபடி பதிவாகும். தொலைந்த சாவி செல்லாததாகிவிடும். அது கதவை வேண்டுமானால் திறக்கும், என்ஜினைக் கிளப்பாது.

இதில் இன்னொன்றும் உண்டு. தர்பங்காவில் டிரங்குப் பெட்டியில் இருக்கும் நல்ல சாவியும் அதோடு அழிந்துவிடும்! அது கெட்டுப்போகவில்லை. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். அடுத்த முறை ஊரிலிருந்து கொண்டு வந்து மறுபடி பதிவு செய்தால் வேலை செய்யும். இது தெரியாதவர்கள் ஆறு மாதம் கழித்து அந்தச் சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் ஏமாற்றிவிட்டான்" என்று சண்டைக்குப் போகிறார்கள். சாவி பதிவு செய்யப் போகும்போது வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போவதே நல்லது.

பதிவு முடிந்ததும் கருவியின் திரையைக் காட்டச் சொல்ல வேண்டும். எத்தனை சாவி பட்டியலில் இருக்கிறது என்பதைப் பல கார்களில் அது காட்டும். கையில் இருப்பது இரண்டு, திரையில் மூன்று என்றால், மூன்றாவது யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் கேட்கலாம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆர்சியில் பெயர் மாறும். பின் நம்பர் மாறாது. முந்தைய உரிமையாளரிடம் இருந்த சாவிகளும் தாமாகச் செத்துப் போகாது. விற்கிறவர் ஒரு சாவியை மட்டும் கொடுத்து, "இன்னொன்று எங்கேயோ போய்விட்டது" என்பார். உண்மையாகவும் இருக்கலாம். அவர் அதற்கு முன் வாங்கியவரிடமே ஒரு சாவி தங்கியிருக்கலாம். வண்டியை வாங்கிய கையோடு சாவிப் பட்டியலை அழித்துத் திரும்பப் பதிவு செய்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. அட்டை இருந்தால் அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

பொத்தான் வண்டிகள்

இப்போது சாவியைச் செருகாத கார்களும் வந்துவிட்டன. சாவி பையில் இருந்தால் போதும். பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பும். உள்ளே நடப்பது அதே கேள்வி, அதே கணக்குதான். ஆனால் சற்றுத் தூரத்திலிருந்து நடக்கிறது. இதில் பேட்டரி தேவை. பேட்டரி தீர்ந்தால் பயப்பட வேண்டாம். பல கார்களில் சாவியைப் பொத்தானின் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் கிளம்பும். இதற்குள்ளும் பேட்டரி வேண்டாத சிப் ஒன்று இருக்கிறது.

இந்த வகையில் ஒரு புது ஆபத்து உண்டு. திருடர்கள் இருவர் வருவார்கள். ஒருவன் வீட்டு வாசலில் கருவியோடு நிற்பான். மற்றவன் காருக்குப் பக்கத்தில் நிற்பான். வீட்டுக்குள் ஆணியில் தொங்கும் சாவியின் பேச்சை அந்தக் கருவிகள் கார் வரைக்கும் கொண்டு போகும். சாவி பக்கத்தில் இருக்கிறது என்று கார் நம்பிவிடும். இரவில் சாவியை நன்றாக மூடும் தகர டப்பாவில் போட்டு வைப்பது உதவும். டப்பாவுக்குள் வைத்த பிறகு கார் திறக்கிறதா என்று பக்கத்தில் நின்று ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

வண்டியே திருடு போனால், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பவற்றில் ஒன்று சாவி. ஒன்றல்ல, இரண்டு. எஃப்ஐஆர் நகல், ஆர்சி, பாலிசி, வண்டி கிடைக்கவில்லை என்ற காவல்துறை அறிக்கை இவற்றோடு இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒரு சாவி இல்லை என்றால் கேள்விகள் எழும். வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டீர்களா? யாரிடமாவது கொடுத்தீர்களா? இழப்பீடு இழுபறியாகலாம். ஆகவே சாவி தொலைந்த அன்றே காவல்துறையில் பதிவு செய்து இரசீது வாங்க வேண்டும். டெல்லியில் இதை இணையத்திலேயே செய்யலாம். பழைய சாவியை அழித்துப் புதுச் சாவி பதிவு செய்த பில்லையும் பத்திரமாக வைக்க வேண்டும். அதில் தேதியும் சேஸிஸ் நம்பரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சர்வீஸ் நிலையத்தில் கொடுக்க ஒரு கடிதம் வேண்டியிருக்கும். அதை இப்படி எழுதலாம்:

அனுப்புநர்:
(உரிமையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்)

பெறுநர்:
மேலாளர்,
(சர்வீஸ் நிலையத்தின் பெயர், ஊர்)

பொருள்: தொலைந்த சாவியை நீக்கிப் புதுச் சாவி பதிவு செய்யக் கோருதல்.

ஐயா,

என் காரின் பதிவு எண் ______. சேஸிஸ் நம்பர் ______. இதன் சாவிகளில் ஒன்று ______ தேதியன்று தொலைந்துவிட்டது. காவல்துறையில் பதிவு செய்த இரசீதை இணைத்துள்ளேன். ஆர்சி நகலும் அடையாளச் சான்று நகலும் இணைத்துள்ளேன். தொலைந்த சாவியைக் காரின் பட்டியலிலிருந்து நீக்கி, புதுச் சாவி ஒன்றைப் பதிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலை முடிந்தபின் பட்டியலில் உள்ள சாவிகளின் எண்ணிக்கையைப் பில்லில் எழுதித் தரவும்.

இப்படிக்கு,
(கையொப்பம், தேதி)

கடிதத்தை இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அவர்களுடைய முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.